குற்றம் பானையிலா?

மாலை விளக்கேற்றும் நேரம். தமிழ்நாட்டின் ஓர் இல்லத்தில், அரைத்த அரிசியும் உளுந்தும் ஒன்றாகக் கரைக்கப்பட்டு, உப்பிடப்பட்டு, பாத்திரத்தில் மூடி வைக்கப்படுகின்றன. அதே மாலையில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ராஞ்சியைச் சுற்றியுள்ள சோட்டாநாக்பூர் பீடபூமியில் ஒரு முண்டா பழங்குடி இல்லத்தில், வேகவைத்து ஆறிய சோற்றின்மீது மூலிகை வில்லை ஒன்றின் பொடி தூவப்படுகிறது. அந்தச் சோறு மண்பானையில் இடப்பட்டு வாய் மூடப்படுகிறது. இரண்டு வீடுகளிலும் அதன்பின் மனிதனுக்கு வேலையில்லை. கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் இரவெல்லாம் வேலை செய்கின்றன.

காலையில் முதல் வீட்டில் இட்லி வேகிறது. அது ஆண்டவனுக்கு நிவேதனமாகவும் ஆகிறது. நோயாளிக்குப் பத்தியமாகவும் ஆகிறது. சில நாட்கள் கழித்து இரண்டாவது வீட்டில் 'ஹண்டியா' என்னும் அரிசிப் பானம் வடிகிறது. அதுவும் அவ்வீட்டாரின் தெய்வத்துக்கும் முன்னோருக்கும் படைக்கப்படுகிறது. ஆனால் முதல் பானையைத் தூயது என்று போற்றும் உலகம், இரண்டாவது பானையைக் கண்டு முகம் சுளிக்கிறது.

இரண்டும் அரிசியே. இரண்டையும் மாற்றியது நொதித்தல் என்ற ஒரே இயற்கைச் செயலே. அப்படியானால் தூய்மையும் குற்றமும் எங்கே இருக்கின்றன? பொருளிலா, அதை ஆக்கும் கையிலா, அருந்தும் மனத்திலா?

பழைய கேள்வி இது. ஆயினும் பலரது வாழ்வைத் தொடும் கேள்வியும் ஆகும்.

பானைக்குள் நடப்பது

புளித்தலைப் பற்றிய அறிவு அடுக்களைக்கு மிகப் பழமையானது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு அண்மையில்தான் வந்தது. பால் புளிப்பதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1857-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே நம் நாட்டுப் பெண்கள், நேற்றைய தயிரில் ஒரு துளி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றி வந்தார்கள்.

இட்லி மாவில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடும் வருபவை. அவை மாவிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன. அப்போது எழும் வாயு மாவைப் பொங்கச் செய்கிறது. ஹண்டியாவின் கதை சற்று நீண்டது. அதற்கு 'ரானு' என்ற வில்லை தேவை. காட்டிலிருந்து கொணர்ந்த வேர்களையும் பட்டைகளையும் அரிசி மாவுடன் இடித்து, சிறு உருண்டைகளாக்கி உலர்த்தி வைப்பார்கள். அதில் உறங்கும் பூஞ்சை, சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. அதில் உள்ள ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுவாக்குகிறது. கூடவே புளிப்பும் சேர்கிறது. மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை பொறுத்திருந்து, நீர் சேர்த்து வடிகட்டினால் வெண்மையான, புளிப்பான பானம் கிடைக்கிறது.

இவ்விரண்டு பானைகளிலும் இயற்கைக்கு எந்த நோக்கமும் இல்லை. கவனிப்பார் இல்லாவிட்டால் அதே மாவும் அதே சோறும் கெட்டு நாறும். புளித்தலுக்கும் கெடுதலுக்கும் இடையே நிற்பது மனிதனின் கவனமே. எவ்வளவு உப்பு, எத்தனை நேரம், எப்போது மூடியைத் திறப்பது, எப்போது நிறுத்துவது என்று அறிந்திருப்பதையே பெரியவர்கள் பக்குவம் என்றார்கள்.

சாத்திரங்களின் தயக்கம்

உணவுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பைப் பாரத நாட்டு நூல்கள் ஆழ்ந்து ஆராய்ந்துள்ளன. கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவை மூவகையாகப் பிரிக்கிறது. சுவை போனதும், நாற்றமெடுத்ததும், இரவு கடந்து பழையதானதுமான உணவைத் தாமசரின் விருப்பம் என்று அது கூறுகிறது. இதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், இரவு முழுவதும் வைத்திருந்த இட்லி மாவும் தயிரும் என்னாவது?

இந்தச் சிக்கலை முன்னோர் அறியாதவர்கள் அல்லர். மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் புளித்துப்போன பொருள்களை விலக்குகிறது. ஆனால் அடுத்த மூச்சிலேயே, புளித்தவற்றுள் தயிரையும் தயிரிலிருந்து வருபவற்றையும் உண்ணத்தக்கவை என்று ஏற்கிறது. விதியோடு விலக்கும் சேர்ந்தே பிறந்திருக்கிறது. ஒடிசாவில் நீரூற்றிப் புளிக்க வைத்த சோறு 'பகாளா' எனப்படும். பூரியில் அது ஜகந்நாதருக்கே நிவேதனமாகிறது. நீரூற்றி வைத்த சோற்றை எளியவர்களின் உணவு என்று கருதுபவர், அதையே இறைவனின் பிரசாதமாகக் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

எனவே 'புளித்தது' என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருளைத் தள்ளவும் இயலாது, கொள்ளவும் இயலாது. உணவைப் பிரித்துப் பார்த்த நூல்கள் கவலைப்பட்டது, அதை உண்டபின் அறிவு தெளிகிறதா, மங்குகிறதா என்பதைப் பற்றியே. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் உண்டு. பெற்ற தாயின் முகமும் சுளிக்கும்படியான நிலையை அது எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. பிறர் மதிப்பையும் தன்னினைவையும் விலை கொடுத்து இழப்பதே அங்கே குற்றமாகக் காட்டப்படுகிறது.

இங்கே ஹண்டியாவுக்கும் இட்லிக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. இட்லி யாரையும் தள்ளாட வைப்பதில்லை, ஹண்டியா வைக்கக்கூடும். ஆனால் 'கூடும்' என்பது தீர்ப்பு ஆகாது. அதுவே ஆராய்ச்சியின் தொடக்கம்.

வீட்டுப் பானையின் வரம்பு

சோட்டாநாக்பூரின் முண்டா, ஒராவன், ஹோ, சந்தால் மக்களின் வாழ்வில் அரிசிப் பானம் வெறும் கேளிக்கைப் பொருளாக இருந்ததில்லை. சால் மரங்கள் பூக்கும் வசந்தத்தில் வரும் சர்ஹுல் பண்டிகையிலும், கால்நடைகளைப் போற்றும் சோஹராய் பண்டிகையிலும், பிறப்பிலும் மணத்திலும் இறப்பிலும் அது இடம்பெறுகிறது. அருந்துமுன் சில துளிகளை மண்ணில் விட்டு முன்னோரை நினைப்பது வழக்கம். விருந்தினர் வந்தால் அதைக் கொடுப்பது மரியாதை. பகலெல்லாம் சேற்று நீரில் நின்று நாற்று நடுபவருக்கு அது களைப்பாற்றும் கஞ்சியும்கூட.

இந்தப் பானைக்குச் சில வரம்புகள் தாமாகவே அமைந்திருந்தன. அரிசி அரிதான நாட்களில் பானைக்கென்று ஒதுக்க முடிந்தது சிறிதளவே. பானை ஆகச் சில நாட்கள் காத்திருக்க வேண்டும், நினைத்தபோதெல்லாம் கிடைக்காது. கூடி அருந்துவதால் ஒருவனது பங்கு மற்றவர் கண்ணில் படும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊற்றுபவள் அந்த வீட்டின் தாயோ பாட்டியோ ஆவாள். அடுத்த நாள் வயலுக்குப் போக வேண்டிய மகன் எத்தனை கிண்ணத்தோடு நிறுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். 'போதும்' என்று அவள் சொல்லும்போது அதில் அவளுக்கு நஷ்டம் இல்லை. மகனுக்கு நன்மை உண்டு.

இந்தக் கடைசி வரம்பே முக்கியமானது. ஊற்றும் கைக்கு, அருந்துபவன் மீது அன்பு இருந்தது.

இரண்டு குரல்கள்

ஆயினும் இந்த வரம்பு எப்போதும் காத்ததா? அந்த மண்ணிலிருந்தே எழுந்த குரல் ஒன்று, 'இல்லை' என்றது. 1875-ஆம் ஆண்டு பிறந்த பிர்ஸா முண்டா, நிலத்தை இழந்து கடனில் மூழ்கிய தம் மக்களைத் தட்டி எழுப்பியவர். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துப் போராடி, 1900-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் ராஞ்சி சிறையில் உயிர் நீத்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை. தம்மைப் பின்பற்றியவர்களுக்கு அவர் இட்ட கட்டளைகளுள் குடியை விட்டொழிப்பதும் ஒன்று. 1914-ஆம் ஆண்டில் ஒராவன் மக்களிடையே ஜத்ரா ஒராவன் தொடங்கிய தானா பகத் இயக்கமும் மதுவையும் மாமிசத்தையும் துறக்கச் சொன்னது.

மற்றொரு குரல் அரசியல் நிர்ணய சபையில் ஒலித்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமையேற்றவரும், தாமும் ஒரு முண்டாவுமான ஜெய்பால் சிங், 1948 நவம்பரில் மதுவிலக்கு பற்றிய விவாதத்தில் எழுந்து பேசினார். அரிசிப் பானம் ஆதிவாசிகளின் சமயச் சடங்குகளோடு பிணைந்தது என்றும், அவர்களைக் கலந்துகொள்ளாமல் அதில் கைவைப்பது அவர்களது சமய உரிமையில் தலையிடுவதாகும் என்றும் அவர் வாதிட்டார். நாற்று நடும் சந்தால் உழைப்பாளியையும் அவர் நினைவூட்டினார். ஆயினும் மதுவிலக்கு, அரசியலமைப்பின் 47-ஆம் விதியில் வழிகாட்டு நெறியாக இடம்பெற்றது.

ஒருவர் பானையை விடு என்றார். மற்றவர் பானையைப் பறிக்காதே என்றார். மேலோட்டமாகப் பார்ப்பவர் இருவரில் ஒருவரே சரியாக இருக்க முடியும் என்பார். சற்றே நின்று பார்த்தால், இருவரும் பேசியது வெவ்வேறு ஆட்களிடம் என்பது புலப்படும். பிர்ஸா பேசியது தம் மக்களிடம். தமது வீட்டிலும் இருந்த பானையையே அவர் விட்டார். ஜெய்பால் சிங் பேசியது அந்தப் பானையை வீட்டில் வைத்திராதவர்களிடம். தன்னுடையதைத் தானே விடுவது துறவு. பிறருடையதைத் தான் விடச் செய்வது ஆணை. முன்னதற்கு வலிமை உள்ளிருந்து வருகிறது. பின்னது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும், அதில் இகழ்ச்சியின் சாயல் கலந்துவிடும் அபாயம் உண்டு. இட்லிப் பானையைப் பெருமையுடன் திறப்பவர் ஹண்டியாப் பானையைப் பழிக்கும்போது கலப்பது அந்தச் சாயலே.

சந்தைக்கு வந்த பானை

இத்துடன் கேள்வி முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். பானை வீட்டோடு நிற்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் சாராயம் காய்ச்சி விற்கும் உரிமை ஏலம் விடப்பட்டு, குடி அரசாங்கத்தின் வருவாய் ஆயிற்று. அந்நாளைய கலால் முறைகூட ஒரு வேறுபாட்டைக் கண்டது: பழங்குடியினர் பலருக்குத் தம் வீட்டுத் தேவைக்காக அரிசிப் பானம் தயாரித்துக்கொள்ள அனுமதி இருந்தது, விற்பனைக்கு இல்லை. இயற்கை ஒரு வேறுபாடும் காணாத இடத்தில் சட்டம் ஒரு கோட்டைப் போட்டது. அந்தக் கோடு பானையின் உள்ளே இல்லை, வீட்டின் வாசற்படியில் இருந்தது.

வறுமை அந்த வாசற்படியைத் தாண்ட வைத்தது. ஜார்க்கண்டின் வாரச்சந்தைகளிலும் சாலையோர மரநிழலிலும் பெண்கள் அலுமினியப் பாத்திரங்களை முன்வைத்து அமர்ந்து ஹண்டியா விற்பது பழகிப்போன காட்சி. நிலம் போதாது, மழை பொய்க்கும், வேறு வேலை கிட்டாது. கையில் இருப்பது பாட்டி கற்றுத்தந்த ஒரே ஒரு கைத்தொழில். அதைக் கொண்டு பிள்ளைக்குப் புத்தகமும் வீட்டுக்கு எண்ணெயும் வாங்க முடிகிறது. அவளைக் குற்றவாளி என்று சொல்ல யாருக்கு நா எழும்?

ஆனால் அவள் எதிரே அமர்ந்திருப்பவனையும் பார்க்க வேண்டும். அவனது கையில் இருப்பது அன்றைய கூலி. அவனுக்காக வேறொரு வீட்டில் ஒருத்தி உலை வைக்கக் காத்திருக்கிறாள். மூன்றாவது கிண்ணம் கேட்கும்போது, விற்பவளின் மனத்தில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. 'போதும் அண்ணா, வீட்டுக்குப் போ' என்று சொன்னால் ஒரு கிண்ணத்தின் விலை குறையும். ஊற்றினால் தன் பிள்ளையின் புத்தகத்துக்கு அது சேரும். தன் மகனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்த அதே பெண், அடுத்தவள் கணவனுக்கு அதைச் சொல்ல முடியாத இடத்தில் அமர வைக்கப்பட்டிருக்கிறாள்.

மாறியது இதுவே. அரிசி மாறவில்லை, ரானு மாறவில்லை, பானம் மாறவில்லை. ஊற்றும் கைக்கும் அருந்தும் வாய்க்கும் இடையே இருந்த உறவு மாறிவிட்டது. வீட்டில் ஊற்றுபவளின் நலனும் அருந்துபவனின் நலனும் ஒன்றாக இருந்தன. சந்தையில் ஒருவருடைய மிகுதி மற்றவருக்கு இலாபம்.

2020-ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் அரசு, ஹண்டியாவும் சாராயமும் விற்கும் பெண்கள் வேறு தொழிலுக்கு மாற வட்டியில்லாக் கடன் தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1855-ஆம் ஆண்டின் சந்தால் எழுச்சியில் நின்ற புலோ, ஜானோ என்ற சகோதரிகளின் பெயரை அது தாங்கியது. எந்தத் திட்டமும் எல்லாரையும் எட்டிவிடுவதில்லை. ஆனால் அதன் அடிப்படை எண்ணம் கவனிக்கத்தக்கது. விற்பவளைத் தண்டிப்பதற்கு முன், விற்காமல் வாழ வழி உண்டா என்று அது கேட்டது. வழி எதுவும் காட்டாமல் நல்லொழுக்கத்தை மட்டும் போதிப்பது, பசித்தவனுக்கு உபவாசத்தின் பெருமையைச் சொல்வது போன்றது.

எங்கே குற்றம்?

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். குற்றம் பானையில் இல்லை என்பது தெளிவு. பானைக்கு அறிவும் இல்லை, நோக்கமும் இல்லை. அதற்காக, 'எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது. நோக்கம் தூயதானால் எதுவும் தூயதே' என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. பிர்ஸா அதைத்தான் கண்டார். படையல் என்ற பெயரால் தொடங்கி மயக்கத்தில் முடியும் கிண்ணங்கள் எந்தச் சமூகத்திலும் உண்டு. வீட்டு வரம்பு உடைந்த இடத்தில், அன்புள்ள கையும் ஊற்றிக்கொண்டே போகும் இடத்தில், அருந்துபவன் நிறுத்தும் ஆற்றலையே இழந்த இடத்தில், அளவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவனுக்கு முழு விலக்கே மருந்து. அதை மிதம் என்ற பெயரால் தள்ளிப்போடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். மிதத்தின் பெயரால் கெட்டவனின் மனைவியும் பிள்ளைகளும் கொடுக்கும் விலையைக் கணக்கில் சேர்க்காத எந்த வாதமும் அரைகுறை வாதமே.

எனவே ஒரு பொருளை ஏற்பதா, விடுவதா என்று எண்ணும் சாதகன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இது எதற்காக? இது எங்கே நிற்கும். நிற்க வேண்டிய இடத்தில் 'போதும்' என்று சொல்பவர் யார்? இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? முதல் கேள்விக்கு நல்ல விடை கிடைத்தவுடன் பலர் நின்றுவிடுகிறார்கள். நெறி சோதிக்கப்படுவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான்.

இம்மூன்றும் மதுவுக்கு மட்டும் உரியவை அல்ல. குழந்தையின் கையில் பொட்டலத் தின்பண்டத்தைத் தரும் வணிகனுக்கும், இரவெல்லாம் கண்ணை மூட விடாத கைப்பேசிக்கும், அருந்துபவனது 'போதும்' நஷ்டமே. தூய உணவு உண்பதாக மகிழும் இல்லத்திலும் 'போதும்' சொல்வார் இல்லாத பானைகள் பல திறந்தே இருக்கின்றன. அவற்றைக் கண்டுகொண்ட பிறகு, மற்றவர் பானையை நோக்கி நீளும் விரல் தானாகவே மடங்கும்.

பானையைக் காப்பவர்

புளிக்கும் மாவு இன்னொன்றையும் கற்பிக்கிறது. மூடி வைத்த எண்ணமும் மாவைப் போன்றதே. மனத்தின் வெம்மையில் அது மாறிக்கொண்டே இருக்கும். நல்ல வித்தான ஓர் எண்ணத்தை உறையாக இட்டு, பொறுமையுடன் காத்து, உரிய காலத்தில் திறந்தால் அது பலருக்கு உணவாகிறது. திறக்க மறந்த கோபமோ, வடிகட்டாத மனக்கசப்போ நாட்கள் செல்லச் செல்லக் கடுத்து, கொண்டவனையே மயக்குகிறது. புளிப்பை மனிதன் உண்டாக்குவதில்லை, தடுக்கவும் முடியாது. காவலிருப்பது மட்டுமே அவன் பொறுப்பு.

சோட்டாநாக்பூரின் பாட்டி பானையை மூடும்போது நாளைக் கணக்கிடுகிறாள். தமிழ்நாட்டு அன்னை பாத்திரத்தை மூடும்போது, மாவு பொங்கி வழியாதிருக்கச் சிறிது இடம் விடுகிறாள். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் இருவருமே உள்ளே நடப்பதன் ஆற்றலை மதிக்கத் தெரிந்தவர்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்றும் அறிந்தவர்கள். சந்தையின் மரநிழலில் அமர்ந்திருக்கும் பெண்ணும் இதை அறிந்தவளே. மூன்றாவது கிண்ணத்துக்கு 'போதும்' என்று சொன்ன பிறகும் தன் பிள்ளைக்குப் புத்தகம் வாங்க அவளுக்கு வழி இருக்குமானால், அந்தச் சொல்லை அவளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த வழியை உண்டாக்கும் கடமை, அவள் பானையைப் பழிப்பவர்களுக்கே முதலில் உரியது.